யார் மேல் வந்தது கருப்பு?

(ராஜபாளையத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேச வருகிறவன் வெறுங்கையோடு வரலாகாது என்பது இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நெடுங்காலமாக இருந்துவருகிற சம்பிரதாயம். அதை நான் மீறவில்லை என்பதற்கு அவைத்தலைவரின் மேஜைமேல் இருக்கும் பால்கோவாப் பொட்டலமே சாட்சி. ஆனால் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயந்தான் உங்களில் சிலருக்குத் திகைப்பாக இருக்கக்கூடும். ஆண்டாளைப் பற்றியோ, இவ்வூர் தந்த முதலமைச்சர் குமாரசாமி ராஜாவைப் பற்றியோ கேட்கலாம் என்று வந்திருப்பவர்களிடம், தொலைக்காட்சியில் வந்து முடிந்துபோன ஒரு தொடரைப் பற்றியும், அதைப் பார்த்த ஜனங்கள் வாரந்தோறும் செய்த அனுமானங்களைப் பற்றியும் பேசப்போகிறேன் என்றால், இந்த மனிதருக்கு வேறு வேலை இல்லையா என்ற எண்ணம் எழுவது சகஜமே.

எனினும் சற்றுப் பொறுமையோடு கேட்கவேண்டும். கதாசிரியன் இறுக்கிக் கட்டிவைத்த முடிச்சைக் கதை முடிவதற்கு முன்பே அவிழ்க்க முயல்வதும், கதை முடிந்த பின்பும் அவிழாமல் நிற்கிற முடிச்சைப் பற்றி வருஷக்கணக்காக வாதாடுவதும் வீண்பொழுதுபோக்கு என்று கற்றவர்களில் பலர் கருதுகிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கதை கேட்பவன் கதை சொல்பவனுக்குச் சமமாக ஆசனமிட்டு அமர்கிற இடம் அது ஒன்றே. ஒரு பாட்டைக் கேட்டுத் தலையசைப்பதற்குக் காது போதும்; ஒரு மர்மத்தை ஊகிப்பதற்கோ நினைவு வேண்டும், யுக்தி வேண்டும், தான் பிறந்து வளர்ந்த மண்ணைப் பற்றிய ஞானமும் வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்த ஞானத்தை முன்னிட்டே, இந்த விஷயத்தைச் சென்னையில் பேசாமல் இங்கே வந்து பேசுகிறேன்.

நான் குறிப்பிடும் தொடர் எது என்பதை நாற்பது வயதைக் கடந்தவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். 'மர்மதேசம்' என்பது அதன் பெயர். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டன்று, ஒளிபரப்பைத் தொடங்கிய சன் தொலைக்காட்சி, தெருக்கம்பங்களிலும் மாடிக் கைப்பிடிச் சுவர்களிலும் கறுப்புக் கம்பிகளைப் படரவிட்டு நம் வீடுகளுக்குள் நுழைந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. கே. பாலசந்தரின் 'மின் பிம்பங்கள்' நிறுவனம் அதைத் தயாரித்தது, முதல் இரு கதைகளை நாகா இயக்கினார், கதை எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என ஐந்து கதைகள் அப்பெயரின் கீழ் வெளிவந்தன. சன் தொலைக்காட்சியில் தொடங்கிய அந்த வரிசை பின்னர் ராஜ் தொலைக்காட்சிக்கும் சென்றது. இவற்றுள் முதல் இரண்டைப் பற்றி மட்டுமே இன்று பேசப்போகிறேன். மற்ற மூன்றும் தாழ்ந்தவை என்பதல்ல; இப்பகுதி ஜனங்கள் இரத்த பந்தம் கொண்டாடியது முதல் இரண்டோடுதான்.

இந்திரா சௌந்தர்ராஜன் நமக்கு அந்நியரல்லர். நம்முடைய அண்டை நகரமான மதுரையில் வாழ்ந்து, அங்கேயே 2024ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி காலமானவர். கோயிலும் சித்தர் மலையும் காவல் தெய்வமும் ஏட்டுச் சுவடியும் அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அவர் மூடநம்பிக்கையை வளர்க்கிறார் என்று குறை கூறியவர்கள் உண்டு; பகுத்தறிவுக்குப் பயந்து தெய்வத்தைப் பாதியில் கைவிட்டுவிடுகிறார் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சினந்துகொண்டவர்களும் உண்டு. இருசாராரும் ஒருங்கே கோபித்துக்கொள்ளும்படி எழுதுவதற்குத் தனித்த சாமர்த்தியம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அற்புதம் என்று தோன்றும் ஒன்றைக் காட்டி, அதற்கு உலகியல் காரணம் ஒன்றையும் காட்டி, அந்தக் காரணம் அற்புதத்தை முழுவதும் தின்றுவிடாமல் ஒரு கவளம் மிச்சம் வைப்பது அவருடைய வழக்கம். ரசிகர்கள் வாதாடியதெல்லாம் அந்த மிச்சத்தைப் பற்றியே.

இன்றைய இளைஞர்கள் இத்தொடர்களை யூடியூபில் இரண்டு மூன்று இரவுகளில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். பார்க்கட்டும்; ஆனால் அவர்கள் இழப்பது இன்னதென்று நான் சொல்லியாக வேண்டும். அந்நாளில் வாரத்துக்கு ஒரு பகுதியே வரும். அரைமணி நேரம் கதை; வாரத்தின் மிச்சமெல்லாம் நமக்குச் சொந்தம். ராஜபாளையத்து நூற்பாலைகளில் மூன்று ஷிப்டு முறை நடப்பதை அறிவீர்கள். இரவு ஷிப்டில் அகப்பட்டுக்கொண்டு அந்த வாரத்துப் பகுதியைத் தவறவிட்டவர், மறுநாள் காலையில் ஆலை வாசலில் தேநீர்க் கடையருகே நின்று, பார்த்தவரிடம் கதை கேட்பார். பார்த்தவரோ, தாம் பார்த்ததையும் தாம் ஊகித்ததையும் பிரித்தறிய இயலாதபடி கலந்து சொல்லிவிடுவார். கேட்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகளின் பேரிரைச்சலுக்கு நடுவிலும் இச்சம்பாஷணை நிற்கவில்லை. அங்கே உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியவர்கள், 'விடாது கருப்பு' எழுப்பிய 'கருப்பு யாரு?' என்ற கேள்வியைச் சத்தமில்லாமல் கேட்டுச் சத்தமில்லாமலே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஆசிரியத் தொழில் பார்த்துவந்த காலம் அது. மறுநாள் முதல் மணியில் பாடம் நடத்த முயன்ற ஆசிரியர் எவரும் வெற்றி பெற்றதாக எனக்கு நினைவில்லை. போதாக்குறைக்கு, கதை உச்சத்தை எட்டும் சமயம் பார்த்து மின்சாரம் போய்விடும். அந்த இருட்டில் தெருவாசிகள் திண்ணையில் உட்கார்ந்து, தாங்கள் பாராத காட்சியைத் தாங்களே இயற்றிக்கொண்டார்கள். பின்னால் உண்மைக் காட்சியைப் பார்த்தபோது, நாங்கள் சொன்னது இதைவிட நன்றாக இருந்ததே என்று குறைப்பட்டுக்கொண்டவர்களையும் நான் அறிவேன்.

இப்படி ஊகித்தவர்களைக் கூர்ந்து கவனித்துவந்த எனக்கு, நம்முடைய பழைய தருக்க நூலார் அறிவு பிறக்கும் வழிகளை வகைப்படுத்தியது அடிக்கடி நினைவுக்கு வந்தது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தத்தம் அளவைகளை எடுத்துரைக்கிறார்கள். சிவஞான சித்தியாரோ அளவை இயலை முதலில் வைத்தே தத்துவம் பேசப் புகுகிறது. காண்டல், கருதல், உரை என்று அவர்கள் சொன்னது சாஸ்திரம் கற்றவர்களுக்கே உரியது என்றெண்ணியிருந்தேன். இல்லை; வாரம் ஒருநாள் தொலைக்காட்சிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்த கூட்டத்திலும் அவை மூன்றும் தொழிற்பட்டன. ஒருவர் கண்ணால் கண்ட ஆதாரத்தை விட்டு இம்மியும் நகரமாட்டார், இன்னொருவர் இரண்டு பகுதிகளுக்கு முன் எவரோ சொன்ன ஒரு வாக்கியத்தை நினைவு வைத்துக்கொண்டு அதிலிருந்து கயிறு திரிப்பார், மூன்றாமவர், பெரும்பாலும் ஒரு மூதாட்டி, "கருப்பன் காரியத்துல மனுச யோசனை எதுக்குடா?" என்று ஒரே வாக்கியத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்.

முதலில் 'ரகசியம்' கதையை எடுத்துக்கொள்வோம். ஒரு கோயில், அதில் நவபாஷாணத்தாலான லிங்கம், பைரவரின் வாகனமாகிய நாயைச் சுற்றிய அச்சம், அந்த லிங்கத்தின் மீது ஆசை கொண்ட மனிதர்கள் என்று விரியும் கதை அது. நவபாஷாணம் என்றவுடன் நகரவாசிக்கு அது ஒரு விசித்திரப் பெயராக மட்டும் இருந்திருக்கும். நமக்கோ பழனியாண்டவர் திருமேனியைப் போகர் நவபாஷாணத்தால் அமைத்தார் என்ற ஐதிகம் சிறுவயது முதலே பழக்கம். அதற்கும் மேலாக, வத்திராயிருப்புப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் சதுரகிரி தெரிகிறது. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சுந்தரமகாலிங்கத்தைத் தரிசிக்க ஏறி இறங்குகிற ஜனங்கள், சித்தர்கள் இன்னும் அங்கே அரூபமாக உலவுகிறார்கள் என்று சொல்வதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். ஆகவே தொடரில் சித்தர் பேச்சு வந்தபோது இங்குள்ளவர்கள், "இது எந்த மலை? நம்ம மலையா?" என்று கேட்டார்களே ஒழிய, "இது சாத்தியமா?" என்று கேட்கவில்லை.

நாய் விஷயத்தில் நிகழ்ந்தது இதைவிட ரசமானது. ராஜபாளையம் நாயைப் பற்றி இவ்வூராரிடமே நான் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். வெள்ளை வெளேரென்ற மேனியும் இளஞ்சிவப்பு மூக்குமாக 2005ஆம் ஆண்டு இந்தியத் தபால் தலையிலேயே இடம்பெற்றுவிட்ட பிராணி அது. அப்பக்கம் சிப்பிப்பாறை, இப்பக்கம் ராஜபாளையம் என்று இரண்டு பேர்பெற்ற வேட்டை நாய் இனங்களுக்கு நடுவில் வாழ்கிற ஜனங்களிடம் போய் நாயை முன்வைத்து மர்மக்கதை சொன்னால் எப்படி எடுபடும்? நாய் வளர்ப்பதில் பரம்பரைத் தேர்ச்சியுள்ள பெரியவர் ஒருவர், கதையின் திருப்பங்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அந்த நாயின் நிற்கும் பாங்கு, பாயும் பாங்கு, அது எவர் குரலுக்குத் தலை திருப்புகிறது என்பவற்றை மட்டும் பார்த்து, "பழக்கினவன் பக்கத்துலதான் இருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார். காட்சியை எடுத்தவர்கள் நாயைப் பழக்கியவரைக் காமிராவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள் என்ற அளவிலாவது அவர் சொன்னது முழு உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை!

இனி 'விடாது கருப்பு'. இதுவரை பாராதவர்கள் எவரேனும் இருந்தால், அடுத்த சில நிமிஷங்களுக்கு எழுந்துபோய்க் காற்றாட நின்றுவிட்டு வரலாம். கதையின் முடிவைச் சொல்லாமல் நான் சொல்லவந்ததைச் சொல்ல முடியாது.

தோட்டக்கார மங்கலம் என்ற கிராமம். அதன் காவல் தெய்வம் கருப்பசாமி. தவறு செய்தவர்களைக் கருப்பு நேரில் வந்து தண்டிக்கிறது என்பது ஊராரின் திடமான நம்பிக்கை. தண்டனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. இரவில் குளம்பொலி கேட்கும். குதிரையின்மேல் ஓர் உருவம் போகும். நகரத்திலிருந்து படித்தவர்கள் வந்து ஆராய்கிறார்கள். பாட்டியும் பேரனும் வாழ்ந்த பழங்காலம் ஒருபுறமும், ஆராய்ச்சி நடக்கும் தற்காலம் மறுபுறமுமாகக் கதை இரு தடங்களில் ஓடுகிறது. இறுதியில், கருப்பாக வந்து தண்டித்தது ராஜேந்திரன் என்ற மனிதனே என்றும், பிளவுபட்ட ஆளுமை என்ற மனநோயால் தான் செய்தது இன்னதென்று அவனே அறியான் என்றும் விடை கிடைக்கிறது. சேத்தன் அவ்வேடத்திலும் தேவதர்ஷினி டாக்டர் ரீனாவாகவும் நடித்தார்கள். பின்னாளில் 2005இல் 'அந்நியன்' என்ற திரைப்படம் வந்தபோது, இதை நாங்கள் முன்பே பார்த்துவிட்டோம் என்று 'மர்மதேச'த்து ரசிகர்கள் மார்தட்டியது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

விடை கிடைத்ததும் கேள்வி தீர்ந்துவிட்டது என்றே படப்பிடிப்புக் குழுவினர் எண்ணியிருக்கக்கூடும். நகரங்களில் தீர்ந்தும் போயிருக்கலாம். ஆனால் இந்த மலையடிவாரத்து ஊர்களில் அந்த விடைக்குப் பிறகுதான் உண்மையான சர்ச்சை ஆரம்பமாயிற்று. பட்டணத்து ரசிகன் தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, செய்தது தெய்வமா மனிதனா என்பது. தெய்வம் என்றால் மனிதன் இல்லை; மனிதன் என்றால் தெய்வம் இல்லை; இரண்டிலொன்று பொய்யாகவேண்டும். டாக்டர் வந்து மனிதன்தான் என்று நிரூபித்தவுடன் அவன் திருப்தியோடு பெட்டியை அணைத்துவிட்டான். நம்முடைய கிராமத்து ரசிகனுக்கோ அக்கேள்வியே அர்த்தமற்றதாகப் பட்டது. ஏனென்றால் அவன் வருஷந்தோறும் கொடைவிழாவில் என்ன காண்கிறான்? பக்கத்து வீட்டுக்காரர், நேற்றுவரை தன்னிடம் கைமாற்று வாங்கினவர், திடீரென்று உடல் நடுங்கி, கண் சிவந்து, அரிவாளை ஏந்திக் கருப்பனாக ஆடுகிறார். ஊரார் அவர் காலில் விழுந்து குறி கேட்கிறார்கள். அருள் விலகிய பின், தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிவதில்லை. மறுநாள் காலையில் அவரே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறார். அவர் மனிதர் என்பதை எவரும் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. அவர்மேல் வந்தது கருப்பன் என்பதையும் எவரும் சந்தேகித்ததில்லை. ஆகவே, "கடைசியில் அது ராஜேந்திரன்தானாம்" என்று ஒரு வீட்டில் பேரன் வெற்றி முழக்கமிட்டபோது, "கருப்பன் வர்றதுன்னா ஒரு மனுசன் மேலதானடா வரணும், கல்லு மேலயா வரும்?" என்று பாட்டி திருப்பிக் கேட்டாள்.

இந்த ஒரு பதிலுக்கு ஈடான விமரிசனத்தை அத்தொடரைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. நோய் என்று டாக்டர் சொன்னதைப் பாட்டி மறுக்கவில்லை. தான் செய்தது தனக்கே தெரியாது என்பது, டாக்டருக்கு எவ்வாறு நோயின் இலட்சணமோ அவ்வாறே பாட்டிக்கு அருளின் இலட்சணம். ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு இருவரும் வெவ்வேறு முடிவுக்குப் போகிறார்கள். இதில் யார் சொன்னது சரி என்று இந்த மேடையில் நின்று தீர்ப்பளிக்க நான் விரும்பவில்லை. ஆனால் கொலைகளைச் செய்தவன் ஒரு மனிதன், அவனுக்குச் சிகிச்சை தேவை என்ற மட்டில் நான் டாக்டரின் கட்சி. பாட்டியின் கட்சி வாதத்தில் ஓர் அபாயம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: கருப்பன் தண்டித்தான் என்று ஒப்புக்கொண்ட கணத்தில், தண்டிக்கப்பட்டவன் குற்றவாளிதான் என்பதும் விசாரணை இல்லாமலே ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. தொடரில் யார் யார் எதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள், அது தகுமா என்ற கேள்வி தேநீர்க் கடைகளில் எழுந்ததைவிட மிகுதியாக, பெண்கள் கூடும் குழாயடியில் எழுந்தது என்பதை நான் கண்டிருக்கிறேன். ஊர்க் கட்டுப்பாட்டின் அரிவாள் எத்திசையில் அதிகம் வீசப்படும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்தவர்கள்.

பாட்டியின் வாதத்தை ஏற்றுக்கொண்டதும் ஊகத்தின் இலக்கே மாறிவிட்டது. 'கருப்பு யார்?' என்ற கேள்வி போய், 'யார் மேல் வந்தது?', 'ஏன் அவன் மேல் வந்தது?' என்ற கேள்விகள் வந்தன. கதையில் பாட்டியும் பேரனுமாக ஓடிய அந்தப் பழைய தடத்தை மறுபடி அசைபோட்டு, ஒரு குழந்தையின் மனத்தில் எந்த இரவில் எந்தக் காட்சி தழும்பாகப் பதிந்தது என்று விவாதித்தார்கள். குலதெய்வத்துக்கு முறை செய்யாமல் விட்டதன் விளைவு என்றார் ஒருவர். சின்ன வயசில் கண்ட பயம் என்றார் இன்னொருவர். இந்த இரண்டாமவர் படித்தது எட்டாம் வகுப்பு. மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர்கள் பல வால்யூம்களில் எழுதிய முடிவை, ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அவர் அடைந்துவிட்டார்.

இவ்வாறு ஊகிப்பது நமக்கு மட்டுமே உரிய பழக்கமென்று பெருமை கொள்ளவேண்டாம். சார்லஸ் டிக்கன்ஸ், பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்ட 'எட்வின் டிரூடின் மர்மம்' என்ற நாவலில் ஆறு பகுதிகளை மட்டும் எழுதிவிட்டு, 1870ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி காலமாகிவிட்டார். டிரூட் கொலையுண்டானா, கொன்றது யார் என்பது எவருக்கும் தெரியாமலே போயிற்று. நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1914 ஜனவரியில், லண்டனில் டிக்கன்ஸ் அபிமானிகள் ஒரு நீதிமன்றத்தையே கூட்டி, சந்தேகத்துக்கு இடமான கதாபாத்திரத்தைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள். நீதிபதியாக எழுத்தாளர் செஸ்டர்டன், ஜூரிகளின் தலைவராக பெர்னார்ட் ஷா! ஜூரிகள் தீர்ப்பைச் சொன்னதும், நீதிபதி தம்மைத் தவிர அவையிலிருந்த அனைவரையும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று அறிவித்து வழக்கை முடித்தார். நம்முடைய பட்டிமன்ற நடுவர்கள் கவனிக்கவேண்டிய முன்மாதிரி.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'டல்லாஸ்' என்ற தொடர் 1980 மார்ச்சில் கதாபாத்திரம் ஒன்றைச் சுட்டுவிட்டு, சுட்டவர் யார் என்பதை நவம்பர் வரை சொல்லாமல் வைத்திருந்தது. விடை வந்த அன்றிரவு எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். பத்தாண்டு கழித்து 'ட்வின் பீக்ஸ்' என்ற தொடரில் லாரா பால்மர் என்ற பெண்ணைக் கொன்றது யார் என்ற புதிரை, அதைப் படைத்தவர்களில் ஒருவரான டேவிட் லிஞ்ச் விடுவிக்காமலே வைத்திருக்க விரும்பினார். ஒளிபரப்பு நிறுவனத்தார் பொறுக்கமாட்டாமல் விடையைச் சொல்லவைத்தார்கள். சொன்ன பிறகு பார்ப்பவர் தொகை சரிந்தது. விடையைக் கேட்டு நச்சரிக்கிறவனே விடை கிடைத்ததும் எழுந்துபோய்விடுகிறான். 'விடாது கருப்பு' விடையைச் சொல்லியும் மக்கள் எழுந்துபோகாமல் இருந்ததை இதோடு ஒப்பிட்டால்தான் அதன் அருமை விளங்கும்.

நம் தமிழில் இவ்வாறு ஊகிக்கவைத்ததற்கு முன்னோடி யார் என்று கேட்டால் கல்கியைத்தான் சொல்லவேண்டும். 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாரந்தோறும் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்', சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை இருட்டறையில் சாகவிட்டு, குத்தியது யார் கை என்பதைத் தெளிவாகக் காட்டாமல் விட்டது. முடிவு வந்த பின்னும் வாசகர்கள், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டுக் குவிக்கவே, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் கூற நேர்ந்தது. அங்கே ஒரு விசேஷம்: அந்த இருட்டு கல்கி உண்டாக்கியதன்று, சரித்திரமே உண்டாக்கியது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிக்கிறது. ஆனால் அவர்களை ஏவியவர் உண்டா என்பதைச் சொல்லவில்லை. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். 2022இலும் 2023இலும் அக்கதை திரைப்படமாக வந்தபோது, அவ்விரு பேராசிரியர்களின் பெயரையும் கேள்விப்பட்டிராத பிள்ளைகள் அதே வழக்கை அதே இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்று வாதாடினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் என்ற முறையில் இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்டவள் என்பதைத் தவிர ஆண்டாளின் பிறப்பைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது; அவள் வாழ்ந்த காலத்தையும் எவரும் எழுதிவைக்கவில்லை. திருப்பாவையில் ஓரிடத்தில், வெள்ளி எழுவதையும் வியாழன் மறைவதையும் விடியலின் அடையாளமாக அவள் சொல்லிப் போகிறாள். தோழியை எழுப்புவதற்காகப் போகிறபோக்கில் சொன்ன அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, மு. இராகவையங்கார் வானநூற் கணக்குப் போட்டு, அக்காட்சி கி.பி. 731ஆம் ஆண்டு மார்கழிக்குப் பொருந்தும் என்று முடிவு கூறினார். வேறு ஆண்டுகள் பொருந்தும் என்று சொன்னவர்களும் உண்டு. பெரும்புலவர் ஒருவர் செய்த இந்தக் காரியத்துக்கும், இரண்டு வாரத்துக்கு முன் எவரோ சொன்ன வாக்கியத்தை வைத்துக் கருப்பனைக் கண்டுபிடித்த ஆலைத் தொழிலாளி செய்த காரியத்துக்கும் தரத்தில் வித்தியாசம் இருக்கலாம். இனத்தில் வித்தியாசம் இல்லை. இருவரும் மூலத்தை மதித்தார்கள். அதில் உள்ளதை வைத்தே இல்லாததைத் தேடினார்கள்.

மூலம் அந்த மரியாதைக்குத் தகுதியுடையதாக இருக்கவேண்டும் என்பதையும் சொல்லியாகவேண்டும். 'மர்மதேசம்' வந்த காலத்துக்குப் பிறகு தொடர்கள் வாரத்துக்கு ஐந்து நாளாயின, ஆண்டுக்கணக்கில் நீண்டன. அவற்றிலும் மர்மங்கள் உண்டு: காணாமற்போன கணவன், மாறிப்போன குழந்தை, மாடி அறையில் பூட்டிவைத்த பெட்டி. ஆனால் பெட்டியைப் பூட்டியவர்களே அதை மறந்துவிடுகிறார்கள். நடிகர் விலகினால் கதாபாத்திரம் வெளியூர் போய்விடுகிறது. வேறொருவர் அதே பெயரில் வந்து, இவருக்குப் பதில் இவர் என்ற எழுத்தோடு உட்கார்ந்துவிடுகிறார். பெட்டிக்குள் என்ன என்று ஆறு மாதம் யோசித்த இல்லத்தரசி, பெட்டியே கதையிலிருந்து மறைந்துவிட்டதைக் கண்டு ஏமாறுகிறாள். ஆசிரியன் தெரிந்தே சொல்லாமல் விடுவதும், தெரியாமல் நீட்டிக்கொண்டு போவதும் திரையில் ஒரே மாதிரிதான் தோன்றும். இரண்டாவது ரகத்தை இனங்கண்டுகொண்டவுடன் ஜனங்கள் ஊகிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இன்றைய நெடுந்தொடர்களைப் பற்றித் தெருவில் வாதம் நடப்பதில்லை, வசவு மட்டுமே நடக்கிறது என்றால், பார்ப்பவர்களின் புத்தி மழுங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சமைத்தவர்கள் யோசித்துச் சமைக்கவில்லை என்றே சொல்வேன்.

ஊகத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. கதாபாத்திரத்தை எப்படி வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம். அது மானநஷ்ட வழக்குப் போடாது. கதையில் பழகிய அதே உற்சாகத்தோடு, உயிரோடிருக்கிற நடிகையின் குடும்பத்தைப் பற்றியும், இறந்துபோன நடிகனின் மரணத்தைப் பற்றியும் மர்மம் புனைகிறவர்களை இந்நாளில் பார்க்கிறேன். அது ரசனையில் சேராது. அதை இங்கே விரித்துப் பேசவும் எனக்கு விருப்பமில்லை.

முடிவாக இவ்வவையிலுள்ள இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம். அத்தொடரை எழுதியவர் இன்று இல்லை. தயாரித்த பாலசந்தர் 2014 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். காட்சிகள் யூடியூபில் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொண்டு இந்த ஊர்த் திண்ணைகளிலும் ஆலை வாசல்களிலும் ஜனங்கள் பேசிய பேச்சு எங்கும் பதிவாகவில்லை. அப்படிப் பேசியவர்களில் பலர் இன்னும் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த வாரமே உங்கள் பாட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்து, 'விடாது கருப்பு' ஓடிய நாளில் நீங்கள் யாரைச் சந்தேகித்தீர்கள், எதனால் சந்தேகித்தீர்கள், முடிவைப் பார்த்தபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டு, அவர் சொல்கிற வார்த்தைகளை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை இந்த வாசகர் கூட்டத்தின் காரியதரிசியிடம் கொடுத்தால், அதைத் தொகுத்துத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.